செவந்தி வயிற்றில் ஆறு தும்மல்

அறுபத்து மூன்று நாளில் குட்டி போட வேண்டிய ஒரு நாய் ஒன்பது மாதம் எடுத்துக்கொண்ட அந்த வருஷத்தில்தான் மஞ்சணத்திப்பட்டிக்கு மினிபஸ் வந்தது, மேலத்தெரு அடிபம்பில் மறுபடி தண்ணீர் வந்தது, ஊராட்சித் தேர்தலில் இரண்டு பேருக்கும் சமமாக ஓட்டு விழுந்து சீட்டுக் குலுக்கிப்போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள்; ஆனாலும் அந்த ஊரில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் பஸ்ஸையும் பம்பையும் தலைவரையும் விட்டுவிட்டு, 'செவந்தி ஈனாம இருந்த வருசம்' என்றுதான் அதைச் சொல்வார்கள். கல்யாணத் தேதியைக்கூட அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

செவந்தி வளர்ந்தது செண்பகத்தின் மாவு மில்லில். செண்பகத்துக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தார். மாதம் ஒருமுறை வந்து, மில்லுக்குள் நுழைந்து, வத்தல் நெடியில் நாலு தடவை இருமிவிட்டுத் திரும்பிப் போவார். முன்பக்கம் அரிசியும் கோதுமையும் அரைக்கிற மெஷின், தகரத் தட்டிக்குப் பின்னால் மிளகாய் வத்தலும் மல்லியும் அரைக்கிற மெஷின், இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய சாக்கை விரித்து அதன் மேல் செவந்தி. வேட்டை நாய் வம்சம். செவலை நிறம், ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு, மாவு படிந்து எப்போதும் வெள்ளையாக இருக்கும் இமை. அரைக்க வருகிறவர்கள் செண்பகத்திடம் பேசுவதற்கு முன்னால் அதனிடம்தான் பேசுவார்கள், அதுவும் காதை மட்டும் அசைத்துப் பதில் சொல்லும்.

ஆனால் செவந்தி செண்பகத்துக்கு மட்டும் சொந்தமில்லை. அந்தப் பக்கத்தில் ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு விடுவது வழக்கம்: ஒருவர் குட்டியைக் கொடுப்பார், இன்னொருவர் தீனி போட்டு வளர்ப்பார், அது ஈனுவதில் ஆளுக்குப் பாதி. கீழத்தெரு சொரிமுத்து அண்ணாச்சி, தலைமுறை தலைமுறையாக வேட்டை நாய் வைத்திருந்த குடும்பத்தின் கடைசி ஆள், ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கையளவு குட்டியைக் கொண்டுவந்து மில் வாசலில் வைத்து, ஆட்டுக்குச் சொல்கிற வார்த்தைகளையே அப்படியே நாய்க்கும் சொல்லி, வெற்றிலை மாற்றிக்கொண்டு போனார். ஆட்டுக்குட்டி எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை, எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். நாய்க்குட்டி எங்கே போகும் என்று கேட்டிருக்க வேண்டும். அது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

முதல் ஈத்தில் எட்டுக் குட்டி, இரண்டாவது ஈத்தில் ஏழு. கண் திறந்து கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் சாக்கில் போட்டு, காற்றுக்கு நாலு ஓட்டை போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு தடவையும் செவந்தி பஸ்ஸின் பின்னாலேயே கண்மாய்க்கரை வரைக்கும் ஓடிப்போய், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. ஒருமுறை செண்பகம் ஒரு துக்க வீட்டுக்குப் போன ஊரில், கிணற்றடியில், அரை முழச் சங்கிலியில் கட்டிக்கிடந்த ஒரு நாயைப் பார்த்தாள். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. ஆனால் நெற்றியில் செவந்தியின் அதே சுழி. தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு ஊருக்கு வந்தவள், அன்றைக்கு வத்தல் அரைக்க யாருமே வராதபோதும் வத்தல் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே மூன்றாவது முறை சேர்க்கை என்று வந்தபோது அவள் விடவில்லை. சொரிமுத்து அண்ணாச்சி, செவந்தியோடு கூடப்பிறந்த வீரன் என்ற கடுவன் நாயைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். புதன்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வருகிற கால்நடை டாக்டர் பர்வீன் அதைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சத்தம் போட்டார்.

"கூடப்பொறந்ததோட சேர்த்தா குட்டிக்குக் கண்ணு, காது, இதயம்னு எதுலயாவது கோளாறு வரும். வேற ரத்தம் பாருங்க. அதுவும் இதோட நிறுத்துங்க, இவளுக்கு ரத்தமே கம்மி."

"எங்க அய்யா காலத்துலேர்ந்து வம்சம் கலக்காம வச்சிருக்கோம், டாக்டரம்மா."

"உங்க அய்யா காலத்துல எத்தனை குட்டி செத்துச்சுன்னு யாரும் எழுதி வைக்கல."

வாரம் முழுக்க வாக்குவாதம். கடைசியில், இந்த ஈத்துக்குச் செண்பகத்தின் இஷ்டம், அடுத்த ஈத்துக்கு அண்ணாச்சியின் இஷ்டம் என்று முடிவாயிற்று. செண்பகம் 'சரி' என்று சொன்னாள். அந்தச் 'சரி'யைத்தான் அவள் பின்னால் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பருத்திக்கிணறு என்ற ஊரிலிருந்து சொந்தபந்தம் இல்லாத, ஊசியெல்லாம் போட்ட, சாதுவான ஒரு கடுவன் வந்துவிட்டுப் போனது. அது தை மாதம்.

பங்குனி கடைசியில் அறுபத்து மூன்றாவது நாள் வந்தது, போனது. எழுபதும் போனது. டாக்டர் பர்வீன் வந்து, குனிந்து, செவந்தியின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர், சுடுபாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி அதைக் காதிலிருந்து பிடுங்கினார். உள்ளே குரைத்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் அதை மறுபடி மாட்டிக் கேட்டுவிட்டு. "எத்தனைன்னுதான் தெரியல."

எத்தனை என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. மதியம் மேலத்தெருவிலிருந்து பத்துக் கிலோ வத்தல் வந்தது. மெஷின் ஓடி, நெடி தட்டியைத் தாண்டி வந்ததும் செவந்தி வழக்கம்போல ஒரு தும்மல் தும்மியது, அதன் பின்னால், வயிற்றுக்குள்ளிருந்து, சின்னதும் பெரியதுமாக, ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையில் நிற்கிற பிள்ளைகள் வருகை சொல்கிற மாதிரி ஆறு தும்மல் கேட்டது. வரிசையில் நின்ற பெண்கள் விரல் விட்டு எண்ணினார்கள். ஒருத்தி மட்டும் ஏழு என்றாள்; அவள் எப்போதுமே எதையும் ஒன்று கூட்டித்தான் சொல்வாள் என்பதால் ஆறு என்றே வைத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. மழை வராததற்கும் பஸ் தாமதமாவதற்கும் பழகிக்கொள்கிற மாதிரி, இரண்டு நாள் வாயைப் பிளந்து, மூன்றாம் நாள் குறை சொல்லி, நாலாம் நாள் தங்கள் வசதிக்குத் திருப்பிக்கொண்டது. காலை ஆறு மணிக்கு வயிற்றுக்குள் குரைப்புக் கேட்டதும் பால் கறக்கப் போனார்கள். பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிவந்து தும்மலை எண்ண வைத்துக் கணக்குப் பாடத்தை முடித்தார். புதிதாக வந்த மினிபஸ்ஸின் கண்டக்டர், 'குரைக்கிற வயிறு இறங்குறவங்கல்லாம் வாங்க' என்று கூவத் தொடங்கினார். கோயில் கொடை விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள்: 'செவந்தி ஈனாமல் இருப்பதற்குக் காரணம் பாசமா, பிடிவாதமா?' மூன்று மணி நேரம் தொண்டை வறளப் பேசியபின் நடுவர், பாசத்தால் வந்த பிடிவாதம் என்று தீர்ப்புச் சொன்னார்; அதை மைக்செட்காரர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். டாக்டர் பர்வீன் மட்டும் மேலிடத்துக்கு எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி அனுப்பினார். சேர்க்கை நடந்த தேதியைத் திருத்தி அனுப்பவும் என்று பதில் வந்தது.

செண்பகத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் ஆறும் ஆடிக்கொண்டிருந்ததால் செவந்தியால் பக்கவாட்டில் சாய்ந்து படுக்க முடியவில்லை. முன்காலை ஊன்றி உட்கார்ந்தபடியே கண்ணை மூடும், தலை கவிழும், திடுக்கிட்டு விழிக்கும். அவள் அதற்குக் கருவாட்டுத் தலையும் கேப்பைக் கூழும் ஊட்டிவிட்டு, அதன் தாடையைத் தன் முழங்காலில் தாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். இவள் இதிலேயே போய்விடுவாளோ என்ற பயம் அவளுக்கு மாவு தூசி மாதிரி எந்நேரமும் தொண்டையில் இருந்தது.

முதல் குட்டி சித்திரையில் வந்தது, அதுவும் ஒரு வெட்டிப் பேச்சுக்கு நடுவில். பால்துரை என்று ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கோதுமை அரைக்க வந்தவர், செண்பகத்திடமும் அங்கே உட்கார்ந்திருந்த சொரிமுத்து அண்ணாச்சியிடமும் தனக்கு ஒரு குட்டி வேண்டும் என்றார்.

"கடுவன்தான் வேணும்னு நிப்பீரே," என்றார் அண்ணாச்சி.

"எதுன்னாலும் சரிவே. ரிட்டயர் ஆனதுலேர்ந்து நான் விசிலடிச்சா திரும்பிப் பாக்க ஒரு சீவன் இல்ல."

"கட்டிப் போடுவீங்களா?" என்றாள் செண்பகம்.

"முப்பத்து நாலு வருசம் ஓடுற பஸ்லயே நின்னவன் நான். எனக்குக் கட்டிப் போட்டு வளக்கத் தெரியாது, தாயி."

"வெளியூர் போனா யாரு சோறு வைப்பா?"

"அடுத்த வீட்டுல மக இருக்கா. அவளுக்கும் முடியலைன்னா வேற யாருக்கும் தள்ளிவிட மாட்டேன், இங்கனயே கொண்டாந்து உங்க கையில குடுத்துருவேன்."

செண்பகமும் அண்ணாச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே, ஒரே மூச்சில், "சரி" என்றார்கள். ஐந்து வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு ஒரே நேரத்தில் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. செவந்தி எழுந்து, சாக்கை இரண்டு சுற்றுச் சுற்றி, முனகலே இல்லாமல் ஒரு குட்டியை ஈன்று, நக்கித் துடைத்து, மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை வத்தல் அரைத்தபோது உள்ளே ஐந்து தும்மல்.

இரண்டு பேரும் ஒன்றாகச் சரி சொன்னால்தான் குட்டி வரும் என்று புரிந்துகொள்ள ஊருக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. வைகாசியில், சத்துணவு சமைக்கிற அக்காவுக்கு இரண்டு பேரும் மனதாரச் சரி சொன்ன நிமிஷம் இரண்டாவது குட்டி வந்தது, கண்ணைத் திறந்துகொண்டே வந்தது. ஆனியில் ஆடு மேய்க்கிற ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு மூன்றாவது, பல்லோடு. ஆடி மாதம் பெரிய காரில் ஒரு பண்ணை வீட்டுக்காரர் வந்து, காவலுக்கு இரண்டு வேண்டும், கேட்டில் ஒன்று தோட்டத்தில் ஒன்று கட்டிப் போடலாம் என்றார். காரின் பளபளப்பைப் பார்த்து அண்ணாச்சியும், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துச் செண்பகமும், சரி சரி என்று தலையாட்டினார்கள். அரைமணி நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். வயிற்றுக்குள்ளிருந்து மூன்று உறுமல் ஒன்றாகக் கேட்டது, அவ்வளவுதான். பண்ணை வீட்டுக்காரர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.

வாய் சரி செல்லாது, மனசு சரிதான் செல்லும் என்று ஆனபிறகு அண்ணாச்சியும் செண்பகமும் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். வருகிறவர் வீட்டுக்கே போய் வாசலையும் வேலியையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்தார்கள். அண்ணாச்சி நாய் வளர்க்கிற வித்தையெல்லாம் சொல்லிக்கொடுத்தார், அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே நன்றாக இருக்கும். இவர்கள் கேட்ட கேள்விகள் மெல்ல ஊரில் பரவி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணின் சித்திமார் கேட்கத் தொடங்கினார்கள்: "வெளியூர் போனா எங்க பிள்ளையை யாரு பாத்துக்கிடுவா? முடியலைன்னா எங்ககிட்டயே திருப்பிக் கொண்டாந்து விடுவீகளா?" அந்த வருஷம் இரண்டு சம்பந்தம் அதனால் முறிந்தது. இரண்டும் முறிந்ததே நல்லது என்று பிற்பாடு தெரிந்தது.

ஆவணியில் நாலாவதும் ஐந்தாவதும் வந்தன. நாலாவது வந்ததும் நிமிர்ந்து நின்று, உடம்பை உதறிவிட்டு, யாரும் வழிகாட்டாமலே தன் வீட்டுக்கு நடந்துபோயிற்று. ஐந்தாவது அதைவிடப் பெரிசு. அது எப்படி வெளியே வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, வந்தது, பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே ஒரே ஒரு தும்மல் மிச்சம்.

அந்த ஒன்று வரவில்லை.

நல்ல வீடுகள் வராமல் இல்லை. புரட்டாசி முழுக்க ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்தார்கள். அண்ணாச்சியும் செண்பகமும் உள்ளூறச் சம்மதித்தே சரி சொன்னார்கள். செவந்தி அவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டது. தொடை எலும்பு துருத்தியது. கூழை ஊட்டினால் பாதி கடைவாயில் வழிந்தது. ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா என்று செண்பகம் கேட்டதற்கு டாக்டர் பர்வீன், "இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டு நான் கத்தி வைக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். ஊரே ஒரு மாதிரி சத்தம் அடங்கி நடந்தது. மினிபஸ் கண்டக்டர்கூட அந்த நிறுத்தத்தில் கூவுவதை விட்டுவிட்டார்.

ஐப்பசி வந்தது, மழை வந்தது, தீபாவளிக்கு முந்தின நாளும் வந்தது. மாவு மில்லுக்கு வருஷத்திலேயே அதுதான் பெரிய நாள். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்திய அரிசியோடு தூக்குச்சட்டியும் சருவமுமாக மஞ்சணத்திப்பட்டிப் பெண்கள் பாதிப்பேர் விடிந்ததிலிருந்தே தாழ்வாரத்தில் நனையாமல் ஒதுங்கி நின்றார்கள். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. சொரிமுத்து அண்ணாச்சி மூட்டை மேல் உட்கார்ந்து, வரிசையில் நின்ற பால்துரையிடம் எதையோ பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த ஒண்ணும் வந்துட்டா, அடுத்த ஈத்துக்கு நம்ம வீரன்தான். வம்சம் அப்படியே உரிச்சுவச்ச மாதிரி வரும்."

வயிற்றுக்குள் உறுமியது.

மெஷின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. செண்பகத்துக்குக் கேட்டது. அவள் அரிசி கொட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, செவந்தியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அதன் விலாவில் உள்ளங்கையை வைத்து, மெதுவாக, "அடுத்த ஈத்து," என்றாள். கைக்கு அடியில் உறுமல் ஓடியது. அவள் சுவிட்சை அணைத்தாள். பெல்ட் தள்ளாடி நின்றது. தாழ்வாரத்தில் மழைச் சத்தம் மட்டும்.

"அண்ணாச்சி, அது வராததுக்குக் காரணம் வீடு இல்ல. நாம பேசிவச்ச பேச்சு. அடுத்த ஈத்து உங்க இஷ்டம்னு."

"பேசினது பேசினதுதான, தாயி."

"அடுத்த ஈத்தே வேண்டாம். இவ பெத்தது போதும்."

"சரி, வேண்டாம்," என்றார் அண்ணாச்சி, எல்லோரும் பார்க்கிறார்களே என்று. எல்லோரும் செவந்தியைப் பார்த்தார்கள். செவந்தி அசையவில்லை. எல்லோர் பார்வையும் தன் மேல் திரும்பியதும் அண்ணாச்சிக்கு முகம் கறுத்தது. "என்ன எல்லாரும் என் வாயவே பாக்குதீங்க? வாரத்துக்குக் குடுத்த நாய். பாதி என்னோடது."

"எந்தப் பாதி அண்ணாச்சி? கூழு குடிக்கிற பாதியா, குட்டி போடுற பாதியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செண்பகத்துக்குச் சொன்ன உடனே வருத்தமாகிவிட்டது, ஏனென்றால் அண்ணாச்சி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"உனக்கென்ன, தாயி, நீ மில்லுக்காரி. ஊரே உன்னைத் தேடி வரும். எங்க அய்யா போனதுக்கப்புறம் என் வீட்டு வாசலுக்கு யாரு வாரா? சொரிமுத்து வீட்டுல குட்டி கிடைக்கும்னுதான் நாலு பேரு வந்து கதவத் தட்டுதான். இந்த வம்சம் இவளோட நின்னு போச்சுன்னா, என் கதவ யாரு தட்டுவா? அதச் சொல்லு, இப்பவே விட்டுருதேன்."

இத்தனை நாள் இந்த மனிதரைப் பிடிவாதக்காரர் என்றே நினைத்து, ஒரு தடவைகூட அவர் வீட்டுப் பக்கம் போய் நின்றதில்லை என்பது செண்பகத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"தப்பு என்னோடதும்தான்," என்றாள். "இந்த ஈத்து எனக்கு, அடுத்தது உங்களுக்குன்னு பேரம் பேசினவ நானு. இவ உடம்ப வச்சு எனக்குச் சாதகமா பேசிக்கிட்டேன். உங்க மேல மட்டும் பழியப் போட்டுட்டு இருந்தேன் அண்ணாச்சி."

அப்போது பால்துரை தொண்டையைச் செருமினார்.

"யோவ் சொரிமுத்து. ரெண்டு நாளைக்கு ஒருக்கா உம்ம வீட்டுக்குக் குட்டியத் தூக்கிட்டு வாரேனே, எதுக்கு வாரேன்?"

"நகம் வெட்ட. உமக்குத்தான் வெட்டத் தெரியலைன்னு."

"ஒரு நாய்க்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா நகம் வளருமாவே? நான் நல்லாவே வெட்டுவேன். ஆறு மாசமா தெரியாத மாதிரி நடிக்கேன். உம்ம வீட்டுல உக்காந்து பேசிட்டிருந்தா பொழுது போறது தெரியல."

சத்துணவு சமைக்கிற அக்கா தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் குட்டிக்கு வயிறு சரியில்லை என்று மூன்று தடவை வந்து மருந்து கேட்டதில் ஒரு தடவைதான் நிஜம் என்றாள். அண்ணாச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூட்டையிலிருந்து இறங்கி, ஈரத் தரையில், செவந்திக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, மாவு படிந்த அதன் இமைகளைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, அதனிடம் மட்டும் பேசினார்.

"போதும் தாயி. நீ பெத்தது போதும். எனக்காகவும் வேண்டாம், எங்க அய்யா பேருக்காகவும் வேண்டாம். இனிமே உன்னை யாரும் கேக்க மாட்டோம்."

செண்பகம் அவர் சொன்னதற்கு, "சரி," என்றாள்.

ஆறாவது வந்தது. கடுவனும் இல்லை, வீரன் சாயலும் இல்லை; முழங்கால் உயரத்தில், செவலையும் வெள்ளையுமாக, காது ஒன்று நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும், நெடுநாள் பயணம் முடித்து இறங்குகிற ஆளைப் போல சோம்பல் முறித்துக்கொண்டு வந்த ஒரு பெண் நாய். அது கூட்டத்தில் ஒவ்வொருவர் காலையும் முகர்ந்துகொண்டே போயிற்று, பால்துரையின் சருவத்தில் மூக்கை நுழைத்துப் பார்த்தது, கடைசியில் அண்ணாச்சியின் மடியில், அந்த மடிக்கு அது பெரிசாக இருந்தும், அரைவாசி உடம்பைத் திணித்து உட்கார்ந்துகொண்டது. அவர் அதன் முதுகில் கை வைத்தார். இது யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. இதுக்கு ஈத்து வேண்டாம்மா, கருத்தடை ஆபரேஷன் பண்ணிவிடுங்க என்று டாக்டரிடம் அவரே பிற்பாடு போய் நின்றார்.

ஆனால் அந்த நேரத்தில் செண்பகம் குட்டியைப் பார்க்கவில்லை. செவந்தி காலை மடக்கி, வயிற்றைத் தரையில் வைத்து, மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாலு காலையும் நீட்டிப் படுத்தது. பங்குனிக்குப் பிறகு அது அப்படிப் படுத்து அவள் பார்த்ததில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டது. கண் மூடியது. பயந்துபோய் அவள் மூக்கருகில் கையைக் கொண்டுபோனாள். சூடாக, ஒழுங்காக, மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை பொங்கியது. அன்றைக்கு அவள் வத்தல் மெஷின் பக்கம் போய் நிற்கவில்லை, எல்லோருக்கும் முன்னாலேயே அழுதாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரிசையைப் பார்த்தாள், சுவிட்சைப் பார்த்தாள். மெஷினைப் போட்டால் அடுத்த தெருவரை அதிரும். போடாவிட்டால் ஊருக்கு முறுக்கு இல்லை. அவள் கை சுவிட்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் நின்றது. முதலில் நின்ற பெண் தன் அரிசியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு மழைக்குள் இறங்கினாள். அவள் பின்னால் அடுத்தவள், அதன் பின்னால் மற்றவர்கள், மூடி உரசாமல் தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக.

கடைசியாக, விஷயம் எதுவும் தெரியாத ஒருத்தி, தூரத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து, வாசலில் நின்று, "ஏ செண்பகம், எனக்கு ரெண்டு படி பச்சரிசி!" என்று கத்த வாயெடுத்தாள்.

சொரிமுத்து அண்ணாச்சி மடியிலிருந்த நாயை இறக்கிவைத்துவிட்டு, விரலை உதட்டில் வைத்தபடி நுனிக்காலில் வாசலுக்கு வந்தார்.

"சத்தம் போடாத தாயி," என்றார். "பிள்ள தூங்குது. நாளைக்கு வா."

மறுநாள் தீபாவளி, மில் கிடையாது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் எட்டி உள்ளே பார்த்தாள். பார்த்துவிட்டு, சாக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டு, பச்சரிசியோடு திரும்பிப் போனாள்.